முரலின் கண்

விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
ஹேட்டரஸ் துறை, மீன் அறுக்கும் மேசை, குழல்விளக்கு.
உருகிய முரல்களை உப்பில் புரட்டி வைத்திருக்கிறேன்.

முதலில் வயிற்றை அழுத்திக் கழிவை எடு.
முதுகெலும்பை இப்படியும் அப்படியும் வளைத்து
நறுக்கென்று கேட்கும்வரை முறி.
கண்களைத் தோண்டிவிடு.
அவை இருந்தால் தண்ணீர் சிக்கி மீன் சுழலும்,
சுழலும் மீனைச் சூரை நம்பாது.
செவுள்வழி முள்ளை நுழைத்து
செம்புக் கம்பியால் வாயைத் தை.
இவ்வளவும் செய்தால்
செத்தது நீந்தும்.

இதற்குப் பெயர் இயற்கை இரை.

கேப்டன் டெல்மஸ் கேஸ்கில்
வேறெதையும் கடலில் விடமாட்டார்.
"ரத்தம் மணக்கணும். பிளாஸ்டிக் என்ன மணக்கும்?"
டெல்மஸுக்கு மோப்பம் போய் வெகுநாளாகிறது.
டீசல் கசிந்தால் நான்தான் சொல்லவேண்டும்.

இன்று படகை எடுத்திருப்பவர்
ரிச்மண்டிலிருந்து வந்த பல் மருத்துவர் ப்ரூயிட்.
கையில் ஒரு பெட்டி. திறந்தால் பொம்மைக்கடை:
பச்சை ரப்பர் கணவாய்கள், நீலப் பாவாடைகள்,
இமைக்காத, அழுகாத ஒட்டுக்கண்கள்.
"எட்டு நாட் வேகத்திலும் இது ஓடும்,
உங்கள் முரல் பிய்ந்துவிடும்" என்றார்.
அதுவும் சரிதான்.
பொய்ப்பல்லும் கடிக்கும் என்று தெரிந்தவர்.

"இன்று கிடைக்குமா?" என்று என்னைக் கேட்டார்.
"நிச்சயமா" என்றேன்.
அது என்னுடைய பொய்யிரை.
டிப்ஸ் அதில்தான் மாட்டும்.

முப்பத்தெட்டு மைல்.
பச்சைத் தண்ணீர் கோடு கிழித்ததுபோல்
நீலமாகும் இடம்.
ஒப்பந்தம் இது: இடப்பக்கம் மெய், வலப்பக்கம் பொய்.
ஏழு மணி. ஒன்பது. பதினொன்று.
இடப்பக்கம் பாசி மாட்டியது.
வலப்பக்கமும் பாசி மாட்டியது.

சூரை இல்லாமல் இல்லை.
நூறு கெஜத்தில் தண்ணீர் உலைபோல் கொதித்தது,
முதுகுகள் புரண்டன,
எங்கள் இரண்டு மதங்களையும் கடந்து போயின.
டெல்மஸ் மேல்தட்டில் யாரையோ திட்டினார்.
மருத்துவர் சாண்ட்விச்சைப் பிரித்தார்,
பிரித்ததை மறுபடி மடித்தார்.

ஒன்றே முக்காலுக்கு, யாரும் பார்க்காதபோது,
பெட்டியிலிருந்து ஒரு நீலப் பாவாடையை எடுத்து
ஒரு முரலின் தலையில் மாட்டினேன்.
கோபத்தில் செய்தேனா சலிப்பிலா, தெரியாது.
நடுக்கோலில் விட்டேன்,
இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத நுரைக்குள்.

ரீல் அலறியது.

நாற்பது நிமிடம்.
மருத்துவரின் கைகள்,
மயிரிழைத் துளையைச் சலனமில்லாமல் அடைக்கும் கைகள்,
கிழவன் கைபோல ஆடின.
பக்கவாட்டில் எழுந்தது மஞ்சள் துடுப்பு.
கொக்கியைப் போட்டு இழுத்தேன்.
தளமெல்லாம் வாலால் அறைந்தது,
பிறகு மெல்ல அறைந்தது,
பிறகு நிறம் போயிற்று.

"பாத்தியா, முரல்!" என்றார் டெல்மஸ்.
"பாருங்கள், பாவாடை!" என்றார் மருத்துவர்.
இருவரும் என் தோளைத் தட்டினார்கள்,
ஆளுக்கொரு தோள்.

மறுபடி துறை. அதே மேசை.
இரைப்பையைக் கீறினேன்.
என் முரல் ஒன்று, கசங்கி, பாவாடையோடு.
அதைத் தவிர
ஒரு மீன் இல்லை, ஒரு கணவாய் இல்லை.
ஜவ்வரிசிக் கஞ்சிபோல் வழிந்தது:
நண்டுக் குஞ்சுகள், அரிசியைவிடச் சிறியவை,
கண்ணாடி உடம்பு.
உடம்பே தெரியவில்லை.
கண்கள் மட்டும்,
கருப்பாக,
ஆயிரக்கணக்கில்.

அந்த அளவுக்கு யாரும் முள் செய்வதில்லை.

கூப்பிட்டுக் காட்டலாமா என்று திரும்பினேன்.
இருவரும் மீனுக்கு இரண்டு பக்கமும் நின்று
படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
விடிகாலையில் தோண்டிய முரல் கண்கள்
மேசையோரத்து டப்பாவில் கிடந்தன.
கஞ்சியையும் அதிலேயே வழித்துப் போட்டு
நீரில் கொட்டினேன்.
பெலிக்கன்கள் வந்தன.
எது எதென்று அவை கேட்கவில்லை.

நாளைக்கு யாரோ வக்கீலாம்.
இரண்டு டஜன் முரலை
உருக வைத்தேன்.